படிவத்தில் இல்லாத பிள்ளை

றியாத்
09.02.2024

அன்பான தங்கச்சி நிஸ்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா எழுதுகிறேன். ரப்பின் கிருபையில் உயிரோடும் வேலையோடும் இருக்கிறேன். குதிக்கால்தான் விடியும்போது நிலத்தில் வைக்க ஏலாமல் குத்துகிறது. மூன்று வருடமாக மாபிள் தரையில் நிற்கிற கால், குத்தாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நீயும் உன் மாப்பிள்ளை அஸாமும் சுகம்தானே? ஸாதியாவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து எத்தனை நாள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரி. போன் நான் வேலை செய்கிற வீட்டு மேடத்தின் அலுமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம் தருகிறாள். தந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உம்மா என்ற சொல் அரபிக்காரிக்கும் விளங்கும். நான் பிள்ளை இல்லாத பெண் என்று எழுதித்தானே இங்கே வந்தேன். விமானம் ஏறுகிற அன்று ஏஜென்சி ஹில்மி சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய்: "புள்ள இல்லாத ஆள் எண்டுதான் ஒங்கள எடுத்திரிக்காங்க. அங்க போய் புள்ள, புள்ள எண்டு அழுதீங்கண்டா அடுத்த பிளேன்ல அனுப்பிருவாங்க."

அதனால்தான் போனில் ஸாதியாவுக்கு நான் பெரியம்மா, நீ உம்மா. பெற்ற பிள்ளையைப் பற்றி "ஒண்ட மகள் எப்படி?" என்று உன்னிடம் கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு குசினிக்குள் போய் அடுப்பைத் துடைக்கத் தொடங்குகிறேன்.

பக்கத்து வீட்டு டிரைவர் றிஸ்லான் ஓட்டமாவடி ஆள். அவர் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதாகச் சொன்னார். நீ பதில் எழுதினால் உறையில் உள்ள அவருடைய பெட்டி இலக்கத்துக்கு எழுது. போனில் கேட்க முடியாத இரண்டு விஷயம் கேட்கிறேன், இரண்டுக்கும் பதில் எழுது. ஒன்று, கிளினிக் டொக்டர் சொன்ன கதிரை. உடம்பைப் பட்டி போட்டு நிமிர்த்தி உட்கார வைக்கிற கதிரை இல்லாவிட்டால் பிள்ளையின் முதுகு வளைந்துவிடும் என்றாரே, அதற்கும் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற கொடுப்பனவுக்கும் மனுப் போட்டாயா? மற்றது, போன் வைத்த பிறகு, வீட்டில் நீங்கள் மட்டும் இருக்கும்போது, என் போட்டோவைக் காட்டி இதுதான் உம்மா என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாயா?

உன் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.
ராத்தா றஸீனா

✻

ஏறாவூர்
06.03.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். குதிக்காலுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். ஸாதியாவுக்கு வலிப்பு வந்து ஒரு மாதத்துக்கு மேல். மருந்துக் குளிசையை மாற்றிய பிறகு நல்லாகத் தூங்குகிறாள், நல்லாகச் சாப்பிடுகிறாள். தூக்குகிற எனக்குத்தான் அது தெரிகிறது.

திங்கட்கிழமை கிராம சேவகரான ஜி.எஸ். ஹமீடிடம் போனேன். உசனார் ஜி.எஸ். பென்சனில் போன பிறகு இவர்தான். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் வாசிக்கிற மனிதர். கொப்பியைப் புரட்டினார், கோப்பை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. வீட்டுப் பட்டியல்ல இந்தப் புள்ள ஒங்கட மகள். பொறப்புப் பதிவில உம்மா றஸீனா. றஸீனா வெளிநாடு போகக் குடுத்த குடும்பப் படிவத்தில அவக்கு புள்ளயே இல்ல. நான் எந்தப் புள்ளைக்கு கையெழுத்து வைக்கிற?"

நான் மடியில் இருந்தவளைக் காட்டி, "இந்தப் புள்ளைக்குத்தான் சேர்" என்றேன். அவர் எட்டி அவளைப் பார்த்தார். அவள் வாய்நீர் கொப்பியில் வடிந்தது. அவர் கொப்பியை நகர்த்திவிட்டு, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணும்படி ஒரு துண்டு எழுதித் தந்தார். நோன்பு தொடங்கப் போகிறது. பெருநாள் கழிந்துதான் போகலாம்.

உங்கள் வீட்டு முன் அறைக் கூரை ஓடுகளை அஸாம் மாற்றிவிட்டார். கவலைப்பட வேண்டாம்.

தங்கச்சி நிஸ்றா

✻

றியாத்
14.04.2024

அன்பான தங்கச்சிக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிருக்கும். இங்கே பெருநாள் என்றால் சட்டி பானை இரண்டு மடங்கு, அவ்வளவுதான். கால் முந்தியதை விடப் பரவாயில்லை. நீ சொன்ன உப்புத் தண்ணீருக்கு இவர்களின் பூந்தொட்டித் தட்டைத்தான் எடுத்தேன், யாரிடமும் சொல்லாதே.

உன் கடிதத்தை வாசித்த பிறகு அந்தப் படிவம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. உசனார் ஜி.எஸ். வீட்டு வாசல். ஸாதியாவை உன்னிடம் கொடுத்துக் கேற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். ஊனமுள்ள பிள்ளை இருக்கிற தாயை வெளிநாடு போக விட மாட்டார்கள் என்று ஹில்மி சொல்லியிருந்தான். அதனால் பிள்ளைகள் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். அவளுக்கு அப்போது ஐந்து வயதுகூட இல்லை. அவளுடைய வாப்பா பொலன்னறுவையில் வேறு குடும்பத்தோடு இருந்தார். கூரை இல்லாத வீடு. உசனார் படிவத்தையும் பார்த்தார், கேற்றையும் பார்த்தார். அவருக்குத் தெரியும். பாவம் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தார்.

நிஸ்றா, அவரை மாட்டி விடாதே. பென்சனில் இருக்கிற மனிதர். வீட்டுப் பட்டியலில் அவளை உன் மகளாகப் போட்டதும் நாங்கள் கேட்டுத்தானே. வேறு எந்த வழி இருந்தாலும் பார். கதிரை மட்டும் பிந்தக் கூடாது.

நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். போட்டோ காட்டுகிறாயா? நான் சிவப்பு முந்தானையோடு நிற்கிற போட்டோவைக் காட்டு. அதில்தான் முகம் தெளிவு.

ராத்தா

✻

ஏறாவூர்
20.05.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் உங்களைச் சுகமாக வைக்கட்டும். இங்கே வெயில் சொல்ல ஏலாது. ஆற்றில் தண்ணீர் இறங்கிக் கரையெல்லாம் சேறு. பின்னேரத்தில் ஸாதியாவை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். நீர்க்காகம் கம்பில் ஏறிச் சிறகை விரித்துக் காய வைக்கும்போது அவளும் கையை விரிக்கப் பார்க்கிறாள். வலது கை அரைவாசி வரைக்கும் போகிறது. பிறகு தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கிறாள்.

பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் நாள் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் படிவம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அஸாம் கரடியனாற்றுப் பக்கம் சாரம், துணி விற்கப் போகிற வழியில் காலையிலேயே எங்களை இறக்கிவிட்டுப் போனார். பலகை வாங்கில் இருத்தினால் அவள் சரிந்து விழுகிறாள். மடியில் வைத்தால் என் கால் மரத்துப் போகிறது. மாடிப்படி வேறு. பதினொரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஊனமுள்ளவர்களுக்கான பகுதியை மேல்மாடியில் வைத்தவருக்கு நல்ல யோசனை.

உத்தியோகத்தர் விதுர்ஷா என்கிற இளம் பெண் பிள்ளை. மேசையிலிருந்து எழும்பி வந்து ஸாதியாவின் காலுக்குக் கீழே தன்னுடைய பையை வைத்தா. எல்லாக் கடதாசியையும் பார்த்தா. "அக்கா, தாய் பிள்ளைய முழுக்க உங்களிட்டப் பொறுப்புத் தந்திட்டன், இனி உரிமை கேக்கமாட்டன் எண்டு எழுதி, சாட்சியோட கையெழுத்து வச்சுத் தந்தா வேலை லேசு" என்றா. அப்போது நீங்களும் சிக்கலில் மாட்ட மாட்டீர்கள், உசனாரும் மாட்ட மாட்டார். வேறு என்னவோவும் சொன்னா, சனத்தின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அப்படி ஒரு கடிதம் எழுதி அனுப்புவீர்களா ராத்தா? வெறும் கடதாசிதானே.

தங்கச்சி நிஸ்றா

✻

றியாத்
20.06.2024

நிஸ்றாவுக்கு,

ஸலாம். சுகம்தான். நீங்களும் சுகமாக இருங்கள்.

வெறும் கடதாசிதானே என்று எழுதியிருக்கிறாய். பிள்ளை இல்லை என்று நான் எழுதியதும் வெறும் கடதாசிதான். அதை எழுதிய நாளிலிருந்து நான் படுகிற பாட்டை நீ அறிவாய். ஒரு தரம் இல்லை என்று எழுதினேன். இப்போது இருக்கிறாள், ஆனால் எனக்கு வேண்டாம் என்று எழுதச் சொல்கிறாய். என்னால் ஏலாது. கை வராது.

விதுர்ஷா என்கிற அந்தப் பிள்ளையிடம் திரும்பவும் போ. வேறு என்னவோ சொன்னா என்றாயே, அது என்ன என்று கேள். சத்தமாக இருந்தால் பக்கத்தில் போய்க் கேள். ஒரு தாய் வேலைக்குப் போயிருக்கிறாள், தங்கச்சி சாச்சியாக இருந்து பார்க்கிறாள், இது உலகத்தில் நடக்காத விஷயமா? ஏறாவூரில் எத்தனை வீட்டில் நடக்கிறது?

நான் உன்மேல் கோபித்து எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் விருந்தாளிகள் நேற்றுத்தான் போனார்கள்.

போட்டோ பற்றி மூன்றாம் தரமும் கேட்கிறேன்.

ராத்தா

✻

றியாத்
02.08.2024

அன்பான தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமா? ஆறு கிழமையாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. றிஸ்லானைப் பெட்டியைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி அவரே என்னைக் கண்டால் இப்போது தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறார்.

நாலு வெள்ளி ஸாதியா போனுக்கு வரவில்லை. தூங்குகிறாள் என்கிறாய். அஸருக்குப் பிறகு அவள் தூங்குகிற பிள்ளை இல்லையே. மேடம் பக்கத்தில் இருக்கிறபடியால் நானும் ஓம், ஓம் என்று வைத்துவிடுகிறேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் போல. மனதில் வைத்துக்கொள்ளாதே. என்ன நடக்கிறது என்று மட்டும் எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

ராத்தா

✻

ஏறாவூர்
18.08.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்குத் தொழுகையில் கேட்கிறேன். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன.

ஸாதியாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, மட்டக்களப்புப் பெரியாசுபத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், சுகம். உங்களைப் பயப்படுத்தக் கூடாது என்றுதான் தூங்குகிறாள் என்று சொன்னேன். உடம்பு சரிந்தே இருப்பதால் மூச்சு நெஞ்சுக்குள் சரியாக இறங்கவில்லை என்று சொன்னார்கள். எலும்பு டொக்டர் முதுகைப் படம் எடுத்தார். வளைவு தொடங்கிவிட்டதாம்.

கதிரைப் பட்டியல் ஜூலை மாதத்தோடு மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் பதின்மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அடுத்த பட்டியல் வருடக் கடைசியில்.

நான் உங்களை ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் விருப்பம்.

நிஸ்றா

✻

றியாத்
12.09.2024

அன்பான தங்கச்சி நிஸ்றாவுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைப் பற்றி எழுத வரவில்லை.

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்து வாசித்தேன். ஒன்பது நாள் என் பிள்ளை ஆசுபத்திரியில் கிடந்திருக்கிறாள். நான் இங்கே மேடத்தின் பிள்ளைக்கு, ஓடி விளையாடுகிற நல்ல பிள்ளைக்கு, மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அழுதேன். அழுது முடிய, நேரமாகிவிட்டது என்று மேடம் கதவைத் தட்டினாள்.

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். வசனத்தை றிஸ்லான் சொல்லித் தந்தார். அவரும் இன்னொரு காத்தான்குடி ஆளும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். கெதியாகக் கொண்டுபோய்க் கொடு. அடுத்த பட்டியலும் தவறக் கூடாது.

*ஏறாவூரை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டு தற்போது சவூதி அரேபியாவில் பணிபுரியும் றஸீனா ஆகிய நான் இத்தால் உறுதிப்படுத்துவதாவது: 2016 ஏப்ரல் 3ஆம் திகதி பிறந்த எனது மகள் ஸாதியாவை எனது தங்கை நிஸ்றாவின் முழுப் பொறுப்பில் ஒப்படைத்துள்ளேன். பிள்ளையின் மீது இனி எவ்வித உரிமையும் கோர மாட்டேன் என எனது சுயவிருப்பத்துடன் கையொப்பமிடுகிறேன்.*

எனது மகள் என்று அரசாங்கத்துக்குப் போகிற ஒரு கடதாசியில் நான் எழுதியது இதுதான் முதல் தரம். அதையும் கொடுப்பதற்காகத்தான் எழுதினேன்.

போட்டோ பற்றி இனிக் கேட்க மாட்டேன்.

ராத்தா

✻

ஏறாவூர்
25.10.2024

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். ஸாதியா சுகம். அஸாம் சுகம். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. அதை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அலுமாரியில் உடுப்புக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுத்து வாசிக்கிறேன். நீங்கள் கையெழுத்து வைத்த இடத்தில் பேனை அழுத்திக் கடதாசி கிழியப் பார்த்திருக்கிறது. அந்த இடத்தை விரலால் தடவிவிட்டுத் திரும்ப மடித்து வைக்கிறேன்.

ராத்தா, மே மாதம் விதுர்ஷா சொன்னது எனக்குக் கேட்டது. நல்லாகவே கேட்டது. "இல்லாட்டி அக்கா, தாய் வெளிநாட்டில, பிள்ளையப் பாக்கிறது நான் எண்டு நீங்களே சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுங்க. அதுவும் போதும். முந்தின படிவத்தில என்ன எழுதினாங்க எண்டு பாக்கிறது எங்கட பகுதிட வேலை இல்ல" என்று சொன்னா. ஒரு காலை நேரத்து வேலை. நான் அதை உங்களுக்கு எழுதவில்லை. மற்றதை மட்டும் எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நீங்கள் போன முதல் வருடம் போனில் நடிக்கத்தான் உம்மா என்று அவளுக்குப் பழக்கினேன். நூறு தரம், இருநூறு தரம் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு வாயில் சொல்லே வராது என்றுதானே டொக்டர்கள் சொன்னார்கள். போன வருட நோன்பில், நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருக்கும்போது, பின்னால் இருந்து கூப்பிட்டாள். போன் இல்லை, யாரும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். அவளுக்கு வருகிற ஒரே சொல் அதுதான், அது என் பெயராகிவிட்டது.

உங்கள் போட்டோவைக் காட்டினேன், பொய் சொல்லவில்லை. இதுதான் உம்மா என்று காட்டினால் அவள் போட்டோவைப் பார்க்காமல் என் முகத்தைத் தொடுகிறாள். அதற்குப் பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் போனுக்குக் கொண்டுவராததும் அதனால்தான். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் என்னை அப்படிக் கூப்பிட்டால், அது நடிப்பு இல்லை என்று உங்களுக்கு விளங்கிவிடும் என்று பயந்தேன். ஆசுபத்திரியில் நேர்ஸ் "புள்ளட உம்மா ஆரு?" என்று கேட்டபோது நான் என்று சொன்னேன். படிவத்துக்காகச் சொல்லவில்லை.

உங்கள் ஒப்பந்தம் முடிந்து வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போவீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கால் வைத்தால் பத்து எட்டு. ஆனால் அந்தப் பத்து எட்டும் எனக்குத் தூரமாகப் பட்டது. ஒரு கடதாசி கையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அந்தக் கடதாசிக்காக ஜூலைப் பட்டியல் போனது. அவள் முதுகு வளைந்ததில் என் பங்கு இருக்கிறது. இதை நான் அஸாமிடமும் சொன்னேன். அவர் என்னை ஏசினார். பிறகு அவர்தான் என்னையும் அவளையும் நீதவானிடம் கூட்டிக்கொண்டு போனார். சத்தியக் கடதாசியில் தாய் றஸீனா என்றும், பராமரிப்பவர் நிஸ்றா என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பனவுக்குப் பதிந்துவிட்டார்கள். கதிரைக்கு அளவு எடுத்துவிட்டார்கள், தை மாதம் வருமாம்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவா, திருப்பி அனுப்பவா? சொல்லுங்கள். என்னை ஏசி எழுதினாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நிஸ்றா

✻

றியாத்
22.11.2024

நிஸ்றா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். சுகம் என்று எழுதிப் பழகிவிட்டேன், இன்றைக்கு அதை விடுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்து நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன். ஐந்தாம் நாள் மேடத்தின் பீங்கான் ஒன்று என் கையால் உடைந்தது. தெரியாமல் உடைந்தது என்றுதான் சொன்னேன். உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. நீ கேட்டிருந்தால் நான் தந்திருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்காமல் எடுக்கப் பார்த்தாய். பிள்ளையை வைத்து எடுக்கப் பார்த்தாய். அவளுடைய முதுகை வைத்து. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், வராவிட்டால் நேரில் பார்த்துக்கொள்வோம்.

ஆனால் உம்மா என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னது நான். பெரியம்மா என்று என்னைக் காட்டச் சொன்னதும் நான். பிள்ளை இல்லை என்று கையெழுத்து வைத்தவளும் நான்தான். நீ அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்த்தாய், அவ்வளவுதான். இதை நினைக்கும்போது கோபம் போவதில்லை, யார்மேல் என்பதுதான் தெரியாமல் போகிறது.

போன கிழமை மேடத்திடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள், எட்டு வயது, நடக்க மாட்டாள் என்று. பொய் சொல்லி வீட்டுக்குள் வந்தவள் என்று கத்தினாள். மூன்றாம் நாள் போனைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டு, அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் முறையாகப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் எடுக்கவில்லை. எடுத்து யார் என்று சொல்வது?

ஒப்பந்தம் மே மாதம் வரைக்கும். மாற்று ஆள் வந்ததும் தை மாதக் கடைசியில் விடுவதாகச் சொல்கிறாள். வருகிறேன். இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

நான் எழுதிய கடிதத்தைக் கிழிக்காதே, அனுப்பவும் வேண்டாம். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நீ எடுத்த விதம் பிழை, கடதாசி பிழை இல்லை. எனக்கு நாற்பது ஆகப் போகிறது, குதிக்காலும் இப்படி. அரசாங்கம் கதிரை தரும், மாதாமாதம் கொடுப்பனவு தரும். எனக்குப் பிறகு அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் தராது. அந்த நாள் வரும்போது யாராவது உன்னிடம் நீ யார் என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்டு.

நான் வந்தால் அவளை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன் என்று பயப்படாதே. அவள் படுக்கிற இடத்திலேயே படுக்கட்டும். நான்தான் பத்து எட்டு நடந்து வர வேண்டும். கஞ்சி எப்படிக் கொடுக்கிறாய், எந்தப் பக்கம் சரித்துப் பிடிக்கிறாய், வலிப்பு வரும்போது முதலில் என்ன செய்கிறாய், எல்லாவற்றையும் நீதான் எனக்குச் சொல்லித் தர வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது.

விமான நிலையத்துக்கு அவளைக் கொண்டுவர வேண்டாம், அவ்வளவு தூரம் வான் வண்டியில் அவளுக்கு ஏலாது. இதுதான் உம்மா என்று இந்த இரண்டு மாதத்தில் அவளுக்குப் புதிதாக எதையும் பழக்காதே, குழம்பிவிடுவாள். பெரியம்மா வாறா என்று மட்டும் சொல்லி வை. அதைக் கேட்டு அவள் சிரிக்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுது.

றஸீனா